அவரையே கேளுங்கள்

நான் போகிற வீடுகளில் திண்ணையிலேயே வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இன்னும் எத்தனை நாளைக்கு நர்சம்மா இப்படி இழுத்துக்கிட்டுக் கெடக்கும்?” மகன் கேட்பார், மருமகள் கேட்பார், சில வீடுகளில் துக்கம் விசாரிக்க வருவதைப் போல் வந்து உட்கார்ந்திருக்கும் பங்காளி கேட்பார். கேட்கிறவர்களின் முகத்தில் கொடுமை எதுவும் இருக்காது. தூக்கம் கெட்ட கண்களும், வேலைக்குப் போகாததால் கூலி போன கவலையும்தான் தெரியும். உள்ளே கட்டிலில் கிடப்பவருக்கோ காது நன்றாகவே கேட்கும்.

வீடு வீடாகப் போய் நோய் ஆதரவு சிகிச்சை அளிக்கும் செவிலியர் நான். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபின் வட்டாரந்தோறும் இப்படி ஒரு செவிலியரும் ஓர் இயன்முறை மருத்துவரும் வண்டியோடு கிளம்புகிறோம். சேத்தூர், செட்டியார்பட்டி, தளவாய்புரம், சத்திரப்பட்டி என ராஜபாளையம் பக்கமும், மம்சாபுரம், வத்திராயிருப்பு என ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமும் மாறி மாறி வேலை பார்த்திருக்கிறேன். புற்றுநோய் முற்றியவர்கள், பக்கவாதத்தில் விழுந்தவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், மறதி நோயில் வீட்டாரையே அடையாளம் தெரியாமல் போனவர்கள், இடுப்பெலும்பு முறிந்து கிடையில் கிடப்பவர்கள். இவர்கள்தான் என் நோயாளிகள்.

பையில் அதிகம் இருக்காது. இரத்த அழுத்தக் கருவி, சலைன் பாட்டில், கையுறை, சிறுநீர்க் குழாய், மூக்கு வழியே உணவு கொடுக்கும் டியூப், புண்ணுக்கு மருந்து, கட்டுத் துணி. சத்திரப்பட்டி தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடெங்கும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஆயுசு முழுக்க அந்தத் தறியில் நின்ற ஒரு பெரியவரின் முதுகுப் புண்ணுக்கு அதே துணியை வைத்துக் கட்டியிருக்கிறேன். ஆனால் புண்ணை ஆற்றுவதில் துணிக்குப் பங்கு கொஞ்சம்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் தூக்கம் வேண்டும். எங்கள் தொழிலின் கஷ்டமெல்லாம் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

இதற்கு முன் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். ஐ.சி.யூ.வைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அது தோன்றியதே உயிரைக் காப்பதற்காகத்தான். 1952-இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலற்றுச் சாகக் கிடந்தவர்களின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையை அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றலாம் என்று பியோன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் காட்டினார். மருத்துவ மாணவர்கள் சுமார் 1,500 பேர் முறைவைத்து இரவும் பகலும் அந்தப் பையை அழுத்தினார்கள். இன்றைய வென்ட்டிலேட்டரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் வளர்ந்தது அங்கிருந்துதான். தென்னந்தோப்பில் கட்டுவிரியன் கடித்து மூச்சு நின்று வந்த வாலிபர், சில நாள் வென்ட்டிலேட்டரில் இருந்துவிட்டுத் தானே நடந்து வீட்டுக்குப் போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதே கட்டிலுக்குப் புற்றுநோய் ஈரல்வரை பரவிய பெரியவரும் வருவார், விழுங்கவே மறந்துபோன ஆச்சியும் வருவார். பாம்பின் விஷம் இறங்கிவிடும். அதுவரை மூச்சைத் தாங்கிப் பிடித்தால் போதும். முற்றிய நோய் இறங்குவதில்லை. தொண்டையில் குழாய் இருப்பதால் பேச்சு இல்லை. குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டுவோம். மயக்க மருந்து, இடைவிடாத வெளிச்சம், மானிட்டர் சத்தம் எல்லாம் சேர்ந்து பலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாதவர்களைக் கூப்பிடுவார்கள், கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கண்ணாலேயே கெஞ்சுவார்கள். வெளியே பெஞ்சில் மகன் நகையை அடகு வைக்க யாருக்கோ போன் பேசிக்கொண்டிருப்பார்.

பணமோ நம்பிக்கையோ தீருகிற அன்று குடும்பம் ஒரு முடிவுக்கு வரும்: “உசுரோட வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்.” வெளியே போன உயிரின் உடலை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்ற வழக்கம் இங்கே பல குடும்பங்களில் உண்டு. மருத்துவர் சொல்லுக்கு மாறாக எங்கள் பொறுப்பில் கூட்டிப் போகிறோம் என்று மகன் கையெழுத்துப் போடுவார். வென்ட்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ‘அம்பு’ பையை மாட்டுவோம். ஆம்புலன்ஸ் திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் கடந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும். கூடவே போகிற செவிலியர் வழிநெடுகப் பையை அழுத்திக்கொண்டே வரவேண்டும். நானும் அப்படி வந்திருக்கிறேன்.

வாசலில் இறக்கிய பிறகுதான் உண்மையான சோதனை. தெருவே கூடி நிற்கும். எல்லோரும் என் கையைத்தான் பார்ப்பார்கள். பையை நிறுத்துவது யார்? குழாயை எடுப்பது யார்? எடுத்தபின் மூச்சு முட்டித் தவித்தால் என்ன மருந்து கொடுப்பது? அந்தக் கையெழுத்துத் தாளில் இவற்றுக்குப் பதில் இருக்காது. மருத்துவர் அங்கே இருக்க மாட்டார், மார்ஃபின் இருக்காது. உயிர்காப்புச் சிகிச்சையை விலக்குவது பற்றி உச்ச நீதிமன்றம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. நான் பார்த்த ஊர்களில் அது வீட்டு வாசற்படியில், மருந்தில்லாமல், யார் பொறுப்பு என்று எழுதப்படாமல் நடந்தது.

அந்த வாசல்களில் நான் உறவினரிடம் கேட்பேன்: “பேச்சு நல்லா இருந்தப்ப இதப்பத்தி ஐயாகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?” பதில் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். “அதெப்படி நர்சம்மா கேக்கிறது? நீ சாகப் போறேன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிராதா?” இந்தப் பதில்தான் என்னை ஐ.சி.யூ.விலிருந்து வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஒருவருடைய கடைசி நாட்களைப் பற்றி எங்கள் பக்கம் எல்லோரும் கலந்து பேசுகிறார்கள். பேசப்படுகிறவர் மட்டும் அந்தப் பேச்சில் இல்லை.

எங்கள் மாவட்டத்தின் பெயரோடு வெளியூர்க்காரர்கள் சேர்த்துச் சொல்லும் இன்னொன்று தலைக்கூத்தல். கிடையில் விழுந்த முதியவர்களுக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, உடம்பு குளிர்ந்து காய்ச்சல் கண்டு போகவிடும் வழக்கம். 2010-இல் தன் வீட்டாரே தன்னை முடிக்கப் பேசிக்கொண்டதைக் கேட்டு ஒரு முதியவர் தப்பிப்போன செய்தி வெளிவந்தபின் விருதுநகர் மாவட்டம் நாடெங்கும் பேசப்பட்டது. தேசிய விருது பெற்ற ‘பாரம்’ படமும் இதைத்தான் எடுத்துக்கொண்டது. அதில் கதை தொடங்குவது ஓர் இடுப்பெலும்பு முறிவில் என்பதைக் கவனிக்க வேண்டும். வைத்தியம் உள்ள ஒரு காயம், பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மரண தண்டனையாக மாறுகிறது.

தலைக்கூத்தலைக் கருணைக் கொலை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்குச் சட்டம் உள்ள நெதர்லாந்து, பெல்ஜியம் போன்ற நாடுகளில் நோயாளியே கேட்க வேண்டும்; அவர் உண்மையாகவே விரும்பிக் கேட்கிறாரா என்று மருத்துவர்கள் உறுதிசெய்ய வேண்டும். இங்கே அவர் கேட்கவில்லை, அவரை யாரும் கேட்கவும் இல்லை. ஆகவே இது கொலை. அதை வீட்டாரிடம் அந்தச் சொல்லாலேயே சொல்கிறேன்.

சொல்லிவிட்டு வந்துவிட்டால் போதாது. இடுப்பு முறிந்து கிடந்த ஒரு பெரியவரின் மருமகள் ஒருநாள் என்னிடம், “எண்ணெ வச்சுக் குளிப்பாட்டிருங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க நர்சம்மா” என்றார். அவர் என்னிடம் சொன்னதே, அதைத் தடுக்க யாராவது வரமாட்டார்களா என்றுதான் என்று எனக்குப் பட்டது. அது குற்றம், வீட்டோடு ஜெயிலுக்குப் போக நேரும் என்று சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னேன். முதியோர் உதவி எண் 14567-ஐச் சுவரில் எழுதி வைத்தேன். அன்று மாலையே மருத்துவரை அழைத்துப் போனேன். வலிக்கு மருந்து தொடங்கினோம். புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினோம். அந்த நாற்றம்தான் பேரப்பிள்ளைகளை அந்த அறைப்பக்கமே வரவிடாமல் வைத்திருந்தது. இராத்திரி அலறல் நின்றது, வீடு தூங்கியது. குளிப்பாட்டும் பேச்சும் நின்றது.

வலி அடங்கிய பிறகு அவரிடம் உட்கார்ந்து கேட்டேன், உங்களுக்கு என்ன செய்யணும் என்று. வலி திரும்பி வரக்கூடாது, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மொய் நோட்டு பரணில் இருக்கிறது, எந்த வீட்டுக்கு எவ்வளவு திருப்பிச் செய்யவேண்டும் என்பதை மகன் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் பாரமாகக் கிடக்கிறார் என்று நினைத்திருந்த வீட்டில், அவர் படுத்துக்கொண்டே வீட்டின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில மாதங்கள் கழித்து, நோயின் போக்கில், தன் கட்டிலில் இறந்தார்.

வலி நிவாரணம் என்று நான் எளிதாக எழுதிவிட்டேன். அதற்குப் பின்னால் நீண்ட போராட்டம் உண்டு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வைத்துக்கொள்வதே மருத்துவமனைகளுக்குப் பெரும் தொல்லையானது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் மலைக்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, ஊர்க்காரர்களையே தொண்டர்களாக்கி வீடு வீடாக அனுப்பியது. அவர்களைப் போன்றோரின் இடைவிடாத முயற்சியால் 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் ஒரே உரிமத்தில் மார்ஃபினை வாங்கி வைக்கலாம் என்றானது. மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் நேரம் தவறாமல் கொடுத்தால் மார்ஃபின் ஆளைக் கொல்வதில்லை, அடிமையாக்குவதும் இல்லை. வலி அடங்கியதும் ஆள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பதைப் பார்த்த வீட்டில் இந்தப் பயம் தானாகப் போய்விடும்.

மறதி நோய்க்கு வருகிறேன். ஒரு மருத்துவ ஆய்வுக் குழுவுக்காக வீடுகளில் கேள்வித்தாள் நிரப்பிக் கொடுக்கும் வேலையும் சில காலம் செய்தேன். ஆய்வு என்றால் என்ன, அது எங்கள் தெருவில் எப்படி நடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. உலகில் மறதி நோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றி நடப்பதில்லை என்ற குறையைப் பெயரிலேயே வைத்து ‘10/66’ என்றொரு ஆய்வுக் குழு 1998-இல் கொச்சியில் கூடித் தொடங்கியது. சென்னையிலும் வேலூரிலும் அதன் ஆய்வுகள் நடந்தன. 2023-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக மதிப்பிடுகிறது.

எண்ணுவதே பெரிய வித்தை. இன்று என்ன தேதி என்று தாளில் ஒரு கேள்வி இருக்கும். பள்ளிக்கூடம் போகாத ஆச்சிக்கு ஆங்கிலத் தேதி எந்தக் காலத்திலும் தெரியாது. அதே ஆச்சியிடம் “ஆண்டாள் தேருக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு?” என்று கேட்டால் விரல் மடக்கி ஆடிப்பூரம் வரை சரியாக எண்ணிவிடுவார். தாளில் உள்ள கேள்வியை நான் மாற்ற முடியாது. எல்லா ஊரிலும் ஒரே கேள்வி இருந்தால்தான் ஒப்பிட முடியும். படிப்பில்லாதவர்களை நோயாளிகள் என்று தவறாக எண்ணிவிடாமலிருக்க, 10/66 குழு வீட்டாரிடமும் தனியாக விசாரித்து இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை உருவாக்கியது. வீட்டார் சொல்லும் கதையில்தான் உண்மை இருக்கும்: கடைக்குப் போனவர் வழி தெரியாமல் நின்றது, அடுப்பை அணைக்க மறந்தது, மகளைத் தன் அக்கா என்று நினைத்தது.

மொழியும் பார்க்க வேண்டும். ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். எங்கே வலிக்குது என்று நான் தமிழில் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு பாட்டி, மகள் தெலுங்கில் கேட்டதும் இடது இடுப்பைக் காட்டினார். நோய் முற்றியதால் முரண்டு பிடிக்கிறார் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அவருக்கு வலிதான் இருந்தது.

மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நடு ராத்திரியில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு மூன்றாம் ஷிப்டுக்குக் கிளம்புவார். வீட்டார் மறித்தால் அடிக்க வருவார். மயக்க மாத்திரை கேட்டு என்னிடம் வந்தார்கள். “மில் மூடி எத்தனை வருஷமாச்சு, உனக்குப் பென்ஷன் வருது” என்று வாதாடுவதை நிறுத்தச் சொன்னேன். “இன்னைக்கு ஷிப்டு மாத்திட்டாங்களாம் அண்ணாச்சி, காலையில வரச் சொல்லியிருக்காங்க” என்று சொல்லி, ஒரு டீ போட்டுக் கொடுத்து, திண்ணையில் கொஞ்ச நேரம் கூட உட்காரச் சொன்னேன். பகலில் தூங்கவிடாமல் தேங்காய் உரிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். இரவுப் பயணம் குறைந்தது. மறதி நோயில் ஒருவர் செய்கிற ஒவ்வொன்றும் எதையோ கேட்கிறது. அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் பராமரிப்பு.

பராமரிக்கிறவரையும் கேட்க வேண்டும். அதற்கென்று 22 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் ஆய்வாளர்களிடம் உண்டு. மாமியார் காதுபட, கணவர் பக்கத்தில் நிற்க, ‘உங்களுக்கு எரிச்சல் வருகிறதா’ என்று ஒரு மருமகளிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். நான் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கேட்பேன். தளவாய்புரத்தில் நைட்டி தைத்துப் பீஸ் கணக்கில் கூலி வாங்கும் ஒரு பெண், மாமியாரைப் புரட்டவும் துடைக்கவும் எழுந்து எழுந்து போனதில் வாரக் கூலி பாதியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் மாமியாரை வெறுக்கவில்லை. அவருக்கு ஒரு ஆள் துணை வேண்டியிருந்தது. நாத்தனாரை வாரத்தில் இரண்டு நாள் வந்து இருக்கச் சொல்லிப் பேசினோம். சங்கடமான பேச்சுதான், ஆனாலும் நடந்தது.

மறதி நோய் உயிரைப் பறிக்கும் நோய் என்பதைப் பல குடும்பங்கள் அறிவதே இல்லை. 2009-இல் சூசன் மிட்செல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, பாஸ்டன் பகுதி முதியோர் இல்லங்களில் இந்த நோய் முற்றிய 323 பேரைத் தொடர்ந்து கவனித்தது. 18 மாதத்துக்குள் 54.8 சதவீதம் பேர் இறந்தார்கள். விழுங்க முடியாமை, காய்ச்சல், நிமோனியா ஆகியவைதான் முடிவு நெருங்குவதன் அடையாளங்களாக இருந்தன. இறந்தவர்களில் பத்தில் நான்கு பேரைக் கடைசி மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது, குழாயில் உணவு செலுத்துவது போன்ற துன்பம் தரும் சிகிச்சைகளுக்கு உட்படுத்தியிருந்தார்கள். நோய் எப்படிப் போகும் என்று புரிந்துகொண்டிருந்த குடும்பங்களில் இது மிகவும் குறைவாக இருந்தது. மூக்குக் குழாய் போட்டால் ஆயுள் கூடும் என்பதற்கும் ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. அதனால் குழைந்த கஞ்சியைச் சிறு கரண்டியில், தலையைத் தூக்கி உட்கார வைத்து, விழுங்கியாச்சா என்று பார்த்துப் பார்த்து ஊட்டக் கற்றுத் தருகிறேன். வாயை இறுக மூடிக்கொண்டால் அன்றைக்குப் போதும் என்று அர்த்தம்.

கேள்வி கேட்பதும் பழகிப் பழகித்தான் கைக்கு வரும். நோயாளி ஈரத்தில் கிடக்கும்போது கேட்கக் கூடாது. வலியில் இருக்கும்போது கேட்கக் கூடாது. வலியில் இருப்பவர் “என்னைக் கொன்னுருங்க” என்றுதான் சொல்வார், வலி நின்றபின் அதே ஆள் மீன் குழம்பு கேட்பார். துடைத்து, துணி மாற்றி, மருந்து வேலை செய்தபின், கூட்டமில்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தொடங்குவேன். “போன தடவ ஆஸ்பத்திரியில இருந்தப்ப எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு தாத்தா?” அதற்குப் பதில் சொல்லாதவர் அபூர்வம். அடுத்து, “மறுபடி மூச்சு முட்டுனா மதுரைக்குப் போகணுமா, இங்கேயே மருந்து குடுத்துப் பாத்துக்கிடவா?” கடைசியாக, “உங்களால பேச முடியாமப் போனா உங்களுக்காக யாரு பேசணும்?” இந்தக் கடைசிக் கேள்விக்கு வீட்டார் எதிர்பார்க்கிற பதில் மூத்த மகன். பெரியவர் சொன்னது பல நேரம் இளைய மகளின் பெயர். ஒருமுறை தினமும் கால் கழுவிவிடும் மருமகளின் பெயர்.

எல்லோரும் ‘வேண்டாம்’ என்பதில்லை. “பேரனுக்குத் தையில கல்யாணம், அதுவரைக்கும் எதுன்னாலும் செய்யுங்க, குழாயும் போடுங்க” என்றார் ஒருவர். அப்படியே எழுதிவைத்து, அப்படியே செய்தோம். “எல்லாம் எம்மகன் பாத்துக்கிடுவான்” என்பதும் ஒரு பதில்தான். அதையும் அவர் வாயால் சொல்லவேண்டும், மகனும் கேட்க வேண்டும். கேட்பதற்குப் பின்னால் ஒரு முடிவை ஒளித்துவைத்துக்கொண்டு கேட்டால் அது கேள்வியே இல்லை.

இப்படிக் கேட்பதால் பயன் உண்டா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2010-இல் வெளியான மெல்போர்ன் ஆய்வில் 80 வயதைக் கடந்த 309 நோயாளிகள் இருந்தார்கள். ஒரு பிரிவினரிடம் பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து முன்கூட்டியே விருப்பத்தைக் கேட்டுக் குறித்தார்கள். ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களில், கேட்கப்பட்ட பிரிவில் 86 சதவீதம் பேரின் விருப்பம் அறியப்பட்டு நிறைவேறியிருந்தது. மற்றப் பிரிவில் 30 சதவீதம். வீட்டாரின் மனச்சுமையும் கேட்கப்பட்ட பிரிவில் குறைந்திருந்தது. 2007-இல் பிரான்சின் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. வழக்கமான பேச்சில் மருத்துவர் 20 நிமிடம் ஒதுக்கினார், அதில் குடும்பம் பேசியது 5 நிமிடம். புதிய முறையில் 30 நிமிடம், அதில் குடும்பம் பேசியது 14 நிமிடம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பேசவிடப்பட்ட குடும்பங்களில் அதிர்ச்சியின் தழும்பு 45 சதவீதம் பேருக்கு. மற்றவர்களில் 69 சதவீதம் பேருக்கு. இத்தனைக்கும் கூடுதலாகக் கொடுத்தது ஒன்பது நிமிடக் காதும் ஒரு சிறு கையேடும்தான்.

சட்டமும் இப்போது கேட்கச் சொல்கிறது. கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் விதித்த நடைமுறை கடுமையாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கியது. 18 வயது நிரம்பிய, தெளிந்த மனமுள்ள எவரும், கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் ‘லிவிங் வில்’ எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று பெற்றால் போதும். தன்னால் பேச முடியாதபோது தனக்காகப் பேச நம்பகமானவர்களின் பெயரை அதில் குறிக்கலாம். மீள முடியாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்க வேண்டுமானால், மருத்துவமனையில் இரண்டு மருத்துவர் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்ப வேண்டும். ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். விலக்குவது என்றால் கைவிடுவது என்று பொருளில்லை. வலி, மூச்சுத்திணறல், பயம் ஆகியவற்றுக்கான மருத்துவம் கடைசி மூச்சு வரை தொடர வேண்டும். அந்தப் பகுதிதான் எங்கள் வேலை.

கடைசி மணி நேரங்களில் செய்யவேண்டியவை எளியவை, ஆனால் யாராவது சொல்லித் தரவேண்டும். தொண்டையில் கோழை கரகரவென்று இழுக்கும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கேட்பவர்களை அந்தச் சத்தம் வாட்டுகிற அளவுக்கு அவரை வாட்டுவதில்லை. ஆசை அடங்காமல் உயிர் நிற்கிறது என்று மண்ணைக் கரைத்தும் காசை உரசியும் வாயில் ஊற்றாதீர்கள். பால் ஊற்றியே ஆகவேண்டும் என்றால் பஞ்சை நனைத்து உதட்டில் தொட்டுவையுங்கள். பாலோ துளசித் தீர்த்தமோ, ஆண்டாளுக்கும் அது போதும். விழுங்க முடியாதவரின் வாயில் ஒவ்வொருவராக ஊற்றினால் புரையேறித் தவித்துப் போவார். இதைச் சொன்னால் பெரும்பாலான வீடுகளில் உடனே கேட்டுக்கொள்கிறார்கள். சடங்கை யாரும் விடவேண்டியதில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இந்த ஊர்களில் முதியவர்கள் எப்படி இறக்கிறார்கள் என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகள் ஆய்வுப் பொருளாக எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸில் வரும் அந்தக் கடைசிப் பயணத்தையும் சேர்த்து. வீட்டில்தான் உயிர் போகவேண்டும் என்று ஒரு குடும்பம் கேட்டால், ஆஸ்பத்திரி கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தக் கூடாது. மார்ஃபினும் மருந்துச் சீட்டும் போன் எடுக்கிற ஒரு மருத்துவரும் அந்த வண்டியோடு கூடப் போகவேண்டும். கிடையில் ஒருவர் இருக்கும் வீடுகளில் எங்களைப் பற்றித் தெரியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 104 எண்ணிலோ கேளுங்கள். அந்த உதவி உங்கள் வாசலுக்கு வரும், அதற்குக் கட்டணம் கிடையாது.

வீட்டார் செய்யவேண்டியது இன்னும் முன்னால் இருக்கிறது. அம்மாவோ அப்பாவோ நடமாடிக்கொண்டு, தெளிவாகப் பேசிக்கொண்டு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எது வந்தால் எங்கே இருக்க விரும்புகிறீர்கள், எதைச் செய்ய வேண்டாம், யார் பேசவேண்டும், சொல்லாமல் வைத்திருப்பது ஏதாவது உண்டா. ஒரு தாளில் தேதி போட்டு எழுதி, உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடாது. பேசாமல் இருந்தால் அது வருகிறபோது வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அவர் சொல்லும் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், உங்கள் வசதிக்கு ஒத்துவராமலும் இருக்கலாம். இருந்தாலும் அது அவருடைய உயிர், அவருடைய பதில். அதன்படி நடந்துகொள்வதையும் பிள்ளைக் கடனில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் போகிற வீடுகளிலெல்லாம் சொல்லி வருகிறேன், உங்களுக்கும் சொல்கிறேன்.